பழுது பார்த்தல்

இயந்திரம் ஒன்றைச் சீர்செய்வதற்குத் தமிழில் இரண்டு சொற்கள் வழங்குகின்றன. ஒன்று திருத்துதல், மற்றையது பழுதுபார்த்தல். முன்னது செய்யவேண்டிய வேலையைக் குறிக்கிறது. பின்னது அவ்வேலைக்கு முன்னர் நிகழவேண்டியதைக் குறிக்கிறது. பழுதைப் பார்த்தல் என்ற பொருளுடைய தொடர், பழுதை நீக்குதல் என்ற பொருளையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. காண்பதும் களைவதும் ஒரே தொழிலின் இரு பகுதிகள் என்பதை இச்சொல் உணர்த்தி நிற்கிறது. கல்முனைக் கரையின் மோட்டார் கராஜ்களில் சிலகாலம் நின்று அவதானிப்பவர்க்கு இச்சொல்லின் நுட்பம் நன்கு விளங்கும். அதன் முற்பாதி இன்று எவ்வாறு தேய்ந்து வருகிறது என்பதும் விளங்கும்.

மட்டக்களப்பிலிருந்து தெற்கே ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது கல்முனை. கொழும்பில் தொடங்கி, இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் வழியாக மட்டக்களப்பை அடையும் ஏ4 நெடுஞ்சாலை இக்கரையின் ஊர்களை ஒரே நூலிற் கோத்துச் செல்கிறது. அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று ஓரூர் முடியுமிடம் தெரியாமலே மற்றையது தொடங்கிவிடும். கிழக்கே கூப்பிடு தூரத்திற் கடல். மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம்வரை வயல். வாகனம் திருத்துபவனுக்கு இவ்விரண்டுமே வேலை தருபவை. கடற்காற்றின் உப்பு இரும்பையும் செம்பையும் ஓயாது அரிக்கிறது. வயலோ உழவு இயந்திரங்களையும் நெல்லேற்றும் லொறிகளையும் ஆண்டுக்கு இருமுறை கராஜ் வாசலிற் கொண்டுவந்து நிறுத்துகிறது.

இப்பகுதிக்குப் பேரளவில் இயந்திரங்கள் வந்து சேர்ந்தது 1949ஆம் ஆண்டு தொடங்கிய கல்லோயாத் திட்டத்தோடுதான். அணைகட்டும் பணியை ஏற்ற மொறிசன் நூட்சன் என்ற அமெரிக்க நிறுவனம் மண்வெட்டும் பொறிகளையும் பாரவண்டிகளையும் கொணர்ந்தது. பின்னர் நாற்சக்கர உழவு இயந்திரங்களும், ‘லாண்ட்மாஸ்ரர்’ என்ற வணிகப் பெயராலேயே எல்லோரும் அழைத்த இருசக்கர உழவு இயந்திரங்களும் வயலில் இறங்கின. வீதியில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் வாடகைக் கார்களாக ஓடின. மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமாகி, 1971 வரை உற்பத்தியில் இருந்த வண்டி. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 1960களிலும் 70களின் பெரும்பகுதியிலும் இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டபோது, இருந்த வண்டியையே ஓட்டியாகவேண்டிய நிலை நாடெங்கும் ஏற்பட்டது. கொழும்புப் பஞ்சிகாவத்தையில் ஓர் உதிரிப்பாகம் கிடைக்குமா என்று தேடிச் சென்று வெறுங்கையோடு திரும்புவது வழக்கமாயிற்று. பாகத்தை மாற்றிப் பார்த்துப் பழுதறியும் வசதி அன்று எவர்க்கும் இல்லை. எது பழுது என்று திண்ணமாக அறிந்த பின்னரே ஒன்றைக் கழற்றலாம் என்ற ஒழுக்கத்தை அந்த வறுமையே கற்பித்தது.

அந்த ஒழுக்கத்தில் வளர்ந்த ஒருவர் கல்முனைக்குத் தெற்கே, பெருந்தெருவிலிருந்து கடற்பக்கம் திரும்பும் ஒழுங்கையொன்றில் கராஜ் வைத்திருந்தார். வேப்பமர நிழலும், முன்னே ஒரு கிடுகுக் கொட்டிலும், எண்ணெய் ஊறிக் கறுத்த மணலுமே அதன் சொத்து. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கல்லோயாப் பட்டறையொன்றில் வேலைசெய்த ஒருவரிடம் கையுதவிப் பையனாகச் சேர்ந்து தொழில் பழகியவர். ஊர் முஸ்லிம்கள் அவரைக் காக்கா என்றனர். காரைதீவிலிருந்தும் பாண்டிருப்பிலிருந்தும் வந்த தமிழர் அண்ணன் என்றனர். அம்பாறைச் சிங்களவர்க்கு அவர் பாஸ். மூன்று முறைப்பெயர்க்கும் அவர் ஒரே முகத்தோடு திரும்பிப் பார்ப்பார்.

வண்டி வந்து நின்றதும் எஞ்சின் மூடியைத் திறக்கும் வழக்கம் அவரிடம் இருக்கவில்லை. முதலில் சாரதியை இருத்திவைத்து வினவத் தொடங்குவார். குறை எப்போது தொடங்கியது? எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பின்னரா? எப்போதும் உண்டா, இடையிடையே வந்து போகிறதா? எல்லாவற்றுக்கும் கடைசியாக அவர் கேட்பது: இதற்கு முன்னர் இந்த வண்டியில் யார், எதற்காகக் கைவைத்தார்கள்? நன்றாக ஓடிய வண்டி காரணமின்றி நிற்பதில்லை. மிக அண்மையில் மாறியது எதுவோ அதுவே முதலில் ஐயத்துக்குரியது என்பது அவர் கொள்கை.

பெற்றோல் எஞ்சின் ஓடுவதற்கு வேண்டியவை மூன்று: உரிய அளவிற் கலந்த காற்றும் எரிபொருளும், அக்கலவையை நெருக்கும் அமுக்கம், உரிய கணத்தில் ஒரு தீப்பொறி. இயங்க மறுக்கும் எஞ்சினில் இவற்றுள் ஒன்றேனும் இல்லை. எனவே ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் உடல் எஞ்சினைத் தொடுமாறு வைத்துச் சுழற்றிப் பார்த்தால், பொறி உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும். ஒரே சோதனையில் தேடவேண்டிய இடம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடுகிறது. அடுத்த சோதனை எஞ்சியதைப் பாதியாக்கும். இவ்வாறு ஆறேழு படிகளில் நூறு பாகங்களுள் ஒன்றை அடையலாம். அளவையியல் கற்றோர் இதனை விலக்கல் முறை என்பர். அவர் இதற்குப் பெயர் எதுவும் வைத்திருக்கவில்லை.

அவருடைய முறையின் வலிமையைக் காட்டுவதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். நிந்தவூர்ப் பக்கத்து வாடகைச் சாரதி ஒருவர் மொறிஸ் மைனர் ஒன்றைக் கொண்டுவந்தார். அரைமணி நேரம் நன்றாக ஓடும். பின்னர் இருமி இருமி நின்றுவிடும். வீதியோரத்திற் கால்மணி நேரம் ஆறவிட்டால் மீண்டும் இயங்கும். நோயாளியை ஏற்றிக்கொண்டு மட்டக்களப்பு வைத்தியசாலைக்குப் போகும் வழியில் வண்டி நின்றுபோன நாள்முதல் ஊரார் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டனர். வாடகைக்காரனுக்கு அதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை. சூடேறியபின் நிற்பதால் கொயில் பழுதென்று ஓரிடத்தில் அதை மாற்றினார்கள். மற்றோரிடத்தில் கண்டன்சரை மாற்றினார்கள். வேறோரிடத்தில் பெற்றோல் பம்பைப் பிரித்துப் பூட்டினார்கள். கடன் ஏறியதேயன்றிக் குறை தீரவில்லை.

மூத்தவர் வழக்கமான வினாக்களைக் கேட்டு முடித்தபின் ஒன்றைப் புதிதாகக் கேட்டார்: “தம்பி, தாங்கியில எண்ணெய் நிறைய இருக்கக்குள்ளயா கெதியா நிக்கிது, குறைய இருக்கக்குள்ளயா?”

சாரதி சற்று யோசித்தார். “நிறைய அடிச்சாத்தான் காக்கா கெதியா நிக்கிது. குறைஞ்சிருந்தா கொஞ்சம் தூரம் ஓடுது.”

கொயிலின் வெப்பத்துக்கும் தாங்கியிலுள்ள பெற்றோலின் அளவுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆகவே அந்த ஒரு விடையோடு கொயில் விலகிவிட்டது. தாங்கியிலிருந்து பெற்றோல் வெளியேறும்போது அவ்விடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும். அதற்கென மூடியில் நுண்ணிய துளையொன்று உண்டு. அது அடைபட்டால் தாங்கியினுள் வெற்றிடம் மெல்ல மெல்ல உருவாகிப் பெற்றோலைப் பின்னே இழுத்துப் பிடிக்கும். தாங்கி நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்குரிய இடம் சிறிது; எனவே சிறிதளவு பெற்றோல் வெளியேறியதுமே அமுக்கம் விரைந்து குறையும். ஓய்ந்து நிற்கும்போது எங்கேனும் ஓர் இடுக்கால் காற்றுக் கசிந்து உட்புக, எஞ்சின் மீண்டும் இயங்கும். பிறர் அனைவரும் வெப்பம் தணிந்ததால் இயங்கியதாக எண்ணினர். உண்மையில் வேண்டியிருந்தது காத்திருந்த நேரமே.

“மூடி மாத்தினீங்களா?” என்று கேட்டார். பழைய மூடி தொலைந்து, வேறொரு வண்டியின் மூடியைப் போட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. வண்டியில் ஏறி, அது நிற்கும்வரை கூடவே சென்று, நின்றதும் மூடியைத் திறந்தார். காற்று ‘உஸ்’ என்று உள்ளே பாய்ந்தது. எஞ்சின் உடனே இயங்கிற்று. ஆணியால் ஒரு துளையிட்டதோடு திருத்த வேலை முடிந்தது. கராஜிலிருந்தே துளையிட்டு அனுப்பியிருக்கலாம். ஆயினும் கண்ணால் உறுதிசெய்யாத முடிவை அவர் முடிவாகக் கொள்வதில்லை.

கடற்கரைக்கே உரிய நோய்கள் வேறு. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற ஒலியோடு விளக்குகள் மங்கி, எஞ்சின் சுழலாது நிற்கும். பற்றறி போய்விட்டதென்று புதியது வாங்குவார்கள். இரு வாரத்தில் அதே கதை. பற்றறியிலிருந்து உடலுக்கும் உடலிலிருந்து எஞ்சினுக்கும் செல்லும் புவித்தொடுப்புப் பட்டியின் முனைகளில் உப்பு அரித்துப் பச்சை பூத்திருக்கும். இயக்கும் மோட்டார் 150 அம்பியர் அளவு மின்னோட்டத்தை இழுக்கும்போது, அப்பாதையில் 0.04 ஓம் தடை இருந்தாற்கூட 6 வோல்ற்று அங்கேயே இழக்கப்படும். 12 வோல்ற்றுப் பற்றறியில் எஞ்சுவது பாதிதான். மூத்தவருக்கு ஓமின் விதி தெரியாது. சாவியைச் சிலமுறை திருப்பச் சொல்லிவிட்டு முனைகளைத் தொட்டுப் பார்ப்பார். எது சூடாக இருக்கிறதோ அதைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பூட்டுவார். தடை உள்ள இடத்தில் வெப்பம் பிறக்கும் என்ற பௌதிக உண்மை அவர் விரல்நுனியில் இருந்தது.

மார்கழி அடைமழையில் வண்டிகள் காலையில் இயங்க மறுக்கும். பாதி வண்டிகளுக்கு அவர் செய்தது டிஸ்ரிபியூற்றர் மூடியையும் பிளக் வயர்களையும் உலர்ந்த துணியால் துடைத்துக் கொடுத்தது மட்டுமே. ஈரத்தின் வழியே ஓடி மறைந்த மின் மறுபடி தன் வழிக்கு வந்துவிடும். புகையின் நிறத்தை வாசிக்கவும் அவர் பழகியிருந்தார். நீலம் படர்ந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. கருமையானால் எரிபொருள் மிகுகிறது. சூடேறிய பின்னும் அடர்ந்த வெண்புகை ஓயாவிட்டால் குளிர்விக்கும் நீர் உருளைக்குள் இறங்குகிறது. கழற்றிய பிளக்கின் முனை தவிட்டு நிறமாயின் நலம், மை பூசியதுபோலிருந்தால் கலவை தடித்தது, வெளுத்திருந்தால் மெலிந்தது. மொறிஸ் மைனரின் மின் பம்பு சாவியைத் திருப்பியதும் சிலமுறை ‘டிக்டிக்’ என்று அடித்து அடங்கவேண்டும். அடங்காமல் அடித்தால் பெற்றோல் வரவில்லை அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. அடிக்கவே இல்லையெனில் அதன் பொயின்ற் ஒட்டிக்கொண்டிருக்கலாம். சாவிக்கட்டையின் பிடியால் ஒரு தட்டு.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையை விழுங்கிற்று. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பல்லாயிரவர் மடிந்தனர். மருதமுனையும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் பேரழிவைக் கண்டன. இறந்தோரை அடக்கி முடித்த பின்னரே, எஞ்சியோர் தம் பிழைப்புக்கான கருவிகளைத் தேடினர். மீன் ஏற்றிய வான்களும் முச்சக்கர வண்டிகளும் சேற்றிலும் மதிலிலும் கிடந்தன. அவற்றை இழுத்துவந்தோரிடம் மூத்தவர் முதலிற் சொன்னது ஒன்றே: சாவியைத் திருப்பாதீர்கள். காற்றை நெருக்கலாம், நீரை நெருக்க இயலாது. உருளைக்குள் நீர் நிற்க எஞ்சினைச் சுழற்றினால் பிஸ்ரனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். பிளக்குகளைக் கழற்றி, கையாற் சுழற்றி நீரை வெளியேற்றி, பால் தேநீர்போல் நிறம் மாறிய எஞ்சின் எண்ணெயை வடித்து, நன்னீராற் கழுவி, மீண்டும் மீண்டும் எண்ணெய் மாற்றவேண்டும். அவ்வாறு பிழைத்த வண்டிகள் சில. பொறுமையின்றிச் சாவியைத் திருப்பியதாற் பாழானவையும் உண்டு. மின்கம்பிகளுள் புகுந்த உப்போ மாதக்கணக்கிற் கழிந்தபின் புதிய புதிய குறைகளாக வெளிப்பட்டது.

1977இன் பின் இறக்குமதி தளர்ந்தபோது ஜப்பானிய வண்டிகள் வரத் தொடங்கின. 2010களில் ரொயோட்டா பிறியஸ், அக்குவா போன்ற கலப்பின வண்டிகளும் இக்கரைக்கு வந்தன. இவற்றில் எஞ்சினைக் கணினி ஆளுகிறது. குறை நேர்ந்தால் முன்பலகையில் விளக்கு எரியும். கருவியொன்றைப் பொருத்தினால் ஒரு குறியெண் தோன்றும். மூத்தவரின் மாணவன் அக்கருவியை வாங்கிவந்தபோது அவர் மறுப்புச் சொல்லவில்லை. அது காட்டும் எண்ணை மட்டும் ஐயத்தோடு நோக்கினார். அந்த ஐயத்துக்கு நியாயம் உண்டு. பி 0171 என்ற குறியெண் கலவை மெலிந்திருக்கிறது என்று சொல்லும். காற்று கசியும் ரப்பர்க் குழாயா, அழுக்கேறிய காற்றளவு உணரியா, வலுவிழந்த பெற்றோல் பம்பா என்று அது சொல்லாது. நோய் வேறு, நோயின் காரணம் வேறு என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்திற் பிரித்துக் காட்டினார். கருவி சொல்வது பெரும்பாலும் முன்னதை; பின்னதை மனிதனே தேடவேண்டும். கலப்பின வண்டியின் பெரிய பற்றறி சூடேறுகிறது என்று விளக்கு எரிந்தால், பற்றறியையே மாற்றுமாறு சொல்வது எளிது. அதன் விலையோ இலட்சங்களில். அப்பற்றறியைக் குளிர்விக்கும் காற்று பின்னிருக்கைப் பக்கத்துத் துவாரத்தால் நுழைகிறது. கடற்கரை ஊரின் தூசும் மென்மணலும் அவ்விசிறியை அடைத்திருக்கக் கூடும். முதலிற் பார்க்கவேண்டியது அதனையே.

பார்ப்பதற்கும் மாற்றுவதற்கும் இடையிலுள்ள இவ்வேறுபாடு 2020இன் பின் நாடெங்கும் உணரப்பட்டது. அவ்வாண்டு நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இடையில் 2022இன் எரிபொருள் நெருக்கடி. வரிசையில் நாட்கணக்கில் நின்றோர் கலன்களிற் சேர்த்த பெற்றோலில் நீரும் கலந்தது, மண்ணெண்ணெயும் கலந்தது. எஞ்சின்கள் தட்டின, திணறின. முச்சக்கர வண்டிக்கு வாரம் 5 லீற்றர் என்று பங்கிடப்பட்ட நாட்களில், வீணாகும் ஒவ்வொரு துளியும் ஒரு குடும்பத்தின் சோறு. 1970களின் தட்டுப்பாட்டிற் பழகிய பழைய ஒழுக்கம் மீண்டும் தேவைப்பட்டது. அதை அறிந்தவர்களோ குறைந்துவிட்டிருந்தனர். இளைஞர் பலர் கட்டார், சவூதி என்று போய்விட்டனர்.

அவர்கள் போனதற்குக் கூலிக்குறைவு மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. எதற்குக் கூலி என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. மூடியில் துளையிட்டுக் கொடுத்த அன்று மூத்தவர் சிறுதொகை கேட்டார். “என்ன போட்டீங்க?” என்றார் சாரதியோடு வந்தவர். “ஒண்டும் போடல்ல.” “அப்ப எதுக்குக் காசு?” மூத்தவர் சிரித்துவிட்டு, தேநீருக்குக் கொடுங்கள் என்று முடித்துக்கொண்டார். தேவையற்ற கொயிலை மாற்றியவர்க்கு அதே மனிதர் பேரம் பேசாமற் பணம் கொடுத்திருந்தார். கையிற் பொருள் ஒன்று கொடுக்கப்பட்டதல்லவா!

இந்த உரையாடலிற் பொதிந்துள்ள அநீதி கராஜோடு நிற்பதன்று. பொருளுக்கு விலை கொடுக்கும் சமூகம் அறிதலுக்கு விலை கொடுக்கத் தயங்குமாயின், அறியும் உழைப்பை எவரும் மேற்கொள்ளார். பழுதைத் துணியாலே தீர்த்தவன் தேநீரோடு திரும்ப, பாகங்களை மாற்றியவன் வீடு கட்டுவான். அதைக் காணும் பையன் எதைக் கற்பான் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. பின்னர் மெக்கானிக்குகள் ஏமாற்றுகிறார்கள் என்று குறைசொல்லும் உரிமை, நேர்மையான மெக்கானிக்கிடம் பேரம் பேசியவர்க்கு எவ்வளவு உண்டு என்பது சிந்திக்கத் தக்கது.

மொழியின் பங்கும் இதில் உண்டு. வண்டியோடு வந்த கைநூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பின்னர் ஜப்பானிய மொழியில் வந்தன. தமிழ்ப் பாடநூல் மின்கலவடுக்கு என்கிறது. கராஜ் பற்றறி என்கிறது. ஒன்றையொன்று அறியாமலே இரண்டும் அருகருகே வாழ்கின்றன. ஒலுவிலில் உயர்கல்வி நிறுவனம் ஒன்று இயங்கிவருகிறது. அங்கிருந்து வேப்பமரத்தடிக்கு மிதிவண்டித் தூரந்தான். உப்புக்காற்றில் எந்த இணைப்பு முதலில் அரிபடும், எந்தக் குறைக்கு எதை முதலிற் சோதிக்கவேண்டும் என்ற ஐம்பதாண்டு அறிவு, எந்தத் தமிழ் நூலிலும் ஏறாமல் அம்மரத்தடியில் இருக்கிறது. அதை எழுதிவைக்கச் சொற்களஞ்சியம் முழுமையடையும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. பற்றறி என்றெழுதினாலும் அறிவு அறிவுதான்.

மூத்தவருக்கு இப்போது கண் மங்கிவிட்டது; காது மங்கவில்லை. கதிரையில் இருந்தபடியே, வரும் வண்டியின் ஒலியைக் கேட்டு, எந்த உருளை வேலைசெய்யவில்லை என்று விசாரிக்கிறார். மாணவன் பாடசாலைக் கொப்பி ஒன்றில் மூன்று நிரல்கள் கோடிட்டு வைத்திருக்கிறான். முதல் நிரலில் சாரதி சொன்ன குறை. இரண்டாவதில் முதலில் ஐயுற்றது. மூன்றாவதில் இறுதியிற் கண்டது. பின்னிரு நிரல்களும் ஒத்துப்போகும் பக்கங்களை அவர் விரைவாகக் கடந்துவிடச் சொல்வார். அவை வேறுபடும் பக்கம் வந்தால், நிறுத்தி, இன்னொருமுறை உரக்க வாசிக்கச் சொல்வார்.